ஒரே நாற்றங்கால், பல மேசைகள்: ஒன்றிய அலுவலகக் கணிப்பொறிகளில் மென்பொருள் நிறுவும் முறை

காவிரித் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும் ஆண்டுகளில் திருவிடைமருதூர் வட்டாரத்து உழவர்கள் ஒரு காரியம் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். ஆழ்குழாய்க் கிணறு உள்ள ஒருவருடைய நிலத்தில் ஊரார் பலருக்கும் சேர்த்து நாற்று விடுவார்கள். சமுதாய நாற்றங்கால் என்று அதற்குப் பெயர். ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும் என்பது வேளாண்மைத் துறையின் கணக்கு. விதை ஒரே விதை. விதை நேர்த்தி ஒரே நேர்த்தி. நாற்றின் வயதும் ஒன்றே. ஆற்றில் தண்ணீர் வந்ததும் முடி முடியாகப் பறித்துக் கொண்டுபோய் அவரவர் வயலில் நட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே விதை தேடித் தனித்தனியே நாற்று விட்டிருந்தால், ஒரு வயல் கதிர் விடும்போது அடுத்த வயல் தூர் கட்டிக்கொண்டிருக்கும். அறுவடை இயந்திரத்தை ஊருக்கு அழைப்பதுகூட அப்போது வம்பாகிவிடும்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகக் கணிப்பொறிகளைப் பற்றி எழுத வந்த நாம் நாற்றங்காலைப் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஒன்றிய அலுவலகம் ஒன்றில் இருபது கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் கடிதம் எழுதவும், அட்டவணை போடவும், மதிப்பீடு தயாரிக்கவும் பயன்படும் மென்பொருளை நிறுவுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு மேசைக்கும் அவ்வப்போது கிடைத்த குறுந்தட்டையோ பென் டிரைவையோ கொண்டுபோய்த் தனித்தனியே போட்டு வைப்பது ஒரு வழி. அலுவலகத்திலுள்ள பொதுக் கணிப்பொறி ஒன்றில், அதாவது சர்வரில், சரிபார்த்த ஒரே பிரதியை வைத்து, அங்கிருந்து கேபிள் வழியாக எல்லா மேசைகளுக்கும் நிறுவுவது மற்றொரு வழி. முதல் வழி பழக்கத்தில் உள்ளது. இரண்டாவது வழி சமுதாய நாற்றங்கால். இவ்விரண்டாவது வழியை எவ்வாறு கையாளுவது, அதில் ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை எவை என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இது குமாஸ்தாக்களின் வேலையல்லவா, நமக்கென்ன என்று உறுப்பினர்கள் எண்ணலாகாது. ஊராட்சிகளின் வரவு செலவு இன்று இ-கிராம் ஸ்வராஜ் என்னும் இணையதளத்தில் பதிவாகிறது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. ஆயினும் கிராம சபைத் தீர்மானம், சாலை மதிப்பீட்டின் விளக்கக் குறிப்பு, பயனாளிகள் பட்டியல், குடிநீர்க் குழாய் பற்றிய கடிதம் ஆகிய யாவும் அலுவலக மேசையில்தான் முதலில் உருவாகின்றன. அந்த மேசையில் பிழை நேர்ந்தால் அது ஊருக்குள் வந்து ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் உட்காரும்.

அப்படி உட்கார்ந்த பிழை ஒன்றை நாமே செய்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்து ஒன்றியத்தில் பணியாற்றிய காலத்தில், எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே மென்பொருளை நிறுவிவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு நல்ல முடிவே. ஆனால் ஒரே இரவில், ஒரு கணிப்பொறியில்கூட முன்னதாகச் சோதித்துப் பாராமல், பழையவற்றை நீக்கிவிட்டுப் புதியதை எல்லா மேசைகளிலும் ஏற்றினோம். மறுநாள் மாலைக்குள் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டிய வீட்டு வசதிப் பயனாளிகள் பட்டியலைத் திறந்தபோது, மூன்று கிராமங்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தன. பழைய தமிழ் எழுத்துருவைப் புதிய தொகுப்பில் சேர்க்க நாம் மறந்திருந்தோம். வேறு வழியின்றிப் பழைய காகிதப் பிரதியைப் பார்த்து இரவு ஒன்பது மணி வரை மறுபடியும் தட்டச்சு செய்து அனுப்பிவைத்தோம். அந்த அவசரத்தில் ஒரு மூதாட்டியின் பெயரில் இருந்த 'ள' என்னும் எழுத்து 'ல' ஆகிவிட்டது. வங்கிப் புத்தகத்திலுள்ள பெயரும் பட்டியலிலுள்ள பெயரும் ஒத்துவரவில்லை என்று அவருடைய கோப்பு திரும்பி வந்தது. முதல் தவணைப் பணம் வருவதற்கு இரண்டு மாதம் தாமதமாயிற்று. அவர் மஞ்சள் பையில் வங்கிப் புத்தகத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்தேறி மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை நம்மிடம், "என் பேருல என்ன குத்தம் சாமி? அதை எங்க அப்பா வச்சது" என்றார். "உங்கள் பெயரில் குற்றமில்லை அம்மா, தவறு எங்களுடையது" என்று நாம் சொன்னோம். அவர் கூரையைப் பிரித்துவிட்டு மழைக்காலத்தைத் தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் கழித்தவர். நம்முடைய விடை அவருக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆதலின் எழுத்துருவின் விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கணிப்பொறிக்கு எழுத்து என்பதே தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்திருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணிப்பொறியில் தமிழ் தெரியும். இல்லாத கணிப்பொறியில் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து வெளிப்பட்டுவிடும். வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் பழைய விளம்பரம் தெரிவதுபோல என்று கொள்ளலாம். அதிலும் ஓர் எழுத்துருவின் எண்வரிசை இன்னோர் எழுத்துருவுக்குப் பொருந்தாது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு பொது எழுத்துக் குறியீட்டையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. பின்னர் 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், யூனிக்கோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு அரசு அலுவலகங்களுக்குரியதாக ஆணை பிறந்தது. யூனிக்கோட்டில் 'ல' என்னும் எழுத்துக்கு 2994, 'ள' என்னும் எழுத்துக்கு 2995, 'ழ' என்னும் எழுத்துக்கு 2996 என்று தனித்தனி எண்கள் உள்ளன. திருவிடைமருதூரில் அடித்தாலும் டில்லியில் திறந்தாலும் அந்த எண் மாறாது. தட்டச்சு செய்பவரின் விரல் தவறுவதை யூனிக்கோடு தடுக்காது; ஆனால் சரியாக அடித்ததை மறுபடியும் அடிக்க நேரும் அவல நிலையைத் தடுக்கும். நாம் சொன்ன மூதாட்டிக்கு நேர்ந்த துன்பம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இனி, எந்த மென்பொருளை நிறுவுவது என்னும் கேள்வி. விலை கொடுத்து உரிமம் வாங்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பெரும்பாலோர்க்குப் பழக்கமானது. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் என்பதும் உண்டு. பின்னதன் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்று பிறந்ததை அமெரிக்காவின் சன் நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வாங்கி, 2000-ஆம் ஆண்டில் அதன் மூல நிரலை உலகுக்குப் பொதுவாக வெளியிட்டது. ஓப்பன் ஆபீஸ் என்று அது வழங்கிற்று. 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதிலிருந்து கிளைத்ததே லிப்ரே ஆபீஸ். நம் மாநிலத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தமிழ் எழுத்துருக்களையும் தமிழாக்கப்பட்ட ஓப்பன் ஆபீஸையும் குறுந்தட்டில் இலவசமாக வெளியிட்டது. அதே நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த அக்காலத்தை ஒட்டி, தன்னுடைய அலுவலகக் கணிப்பொறிகளையே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது. அவர் அதற்குமுன் நம் அண்டை மாவட்டமான திருவாரூரில் ஆட்சியராக இருந்து அலுவலகப் பணிகளைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தவர் என்பதைத் தஞ்சைப் பகுதியின் மூத்த ஊழியர்கள் அறிவர்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா மேசைகளிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. பணத்தை எண்ணினால் லிப்ரே ஆபீஸின் பக்கமே தராசு தாழும். ஆயினும் உரிமத்துக்குப் பணமில்லை என்பதனால் செலவே இல்லை என்று கருதுவது தவறு. பழகிய கையை மாற்றப் பயிற்சி வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றும் பணியை 2013-ஆம் ஆண்டில் முடித்தது. 2017-ஆம் ஆண்டில் அதே மாநகராட்சி மன்றம் திரும்பவும் விண்டோஸுக்குப் போவதென்று முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024-ஆம் ஆண்டில் 30,000 அரசுக் கணிப்பொறிகளில் லிப்ரே ஆபீஸை ஏற்பதாக அறிவித்தது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இவ்வளவு ஆலோசனை நடக்கும்போது நாமும் ஆலோசித்துச் செய்வதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் ஆலோசிக்கவே வேண்டியதில்லை. திருட்டுப் பிரதி எந்த மேசையிலும் இருத்தலாகாது. அது திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அரசு அலுவலகமாயிற்றே என்று சட்டம் விலக்களிக்கவில்லை.

இப்பொழுது நிறுவும் முறைக்கு வருவோம். முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு கணிப்பொறியும் எந்த ஆண்டில் வாங்கியது, நினைவகம் எவ்வளவு, வட்டில் காலி இடம் எவ்வளவு, எந்த இயங்குதளம் என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். லிப்ரே ஆபீஸுக்கு 1.5 ஜிகாபைட் இடம் இருந்தால் போதும். ஆனால் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான அதன் 25.8 பதிப்பு விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றில் இயங்காது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கும், மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் 2016, 2019 பதிப்புகளுக்கும் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுப் பராமரிப்பு முடிந்துவிட்டது. இக்கணக்கெடுப்பை எடுக்காமல் நிறுவத் தொடங்குவது மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடுவதற்கு ஒப்பாகும். எமது அனுபவத்தில் இந்த ஒரு தாள்தான் அலுவலகத்தில் எவரும் எழுத விரும்பாத தாள்.

அடுத்தது விதைத் தேர்வு. நம் வட்டத்து ஆடுதுறையிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஆடுதுறை 45 முதலிய இரகங்கள் அங்கே பிறந்தவை. வல்லுநர் விதை மஞ்சள் அட்டையோடும், ஆதார விதை வெள்ளை அட்டையோடும், சான்று விதை நீல அட்டையோடும் வருவதை உழவர்கள் அறிவார்கள். அட்டையில்லாத விதையை யாரும் நம்பி வாங்குவதில்லை. மென்பொருளுக்கும் அட்டை உண்டு. அதனை உருவாக்கியவர்களின் இணையதளத்தில், கோப்புடன் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரிபார்ப்புக் குறியும் தரப்பட்டிருக்கும். கோப்பை இறக்கியபின் நம் கணிப்பொறியிலேயே அக்குறியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் சிதையவில்லை, எவரும் கலப்படம் செய்யவில்லை என்று கொள்ளலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதனை ஒதுக்கிவிட வேண்டும். நண்பர் கொடுத்தார், கடைக்காரர் கொடுத்தார் என்று வரும் பென் டிரைவில் இந்த அட்டை இராது.

சரிபார்த்த கோப்பைச் சர்வரில் ஒரு தனி அறையில் வைக்க வேண்டும். எல்லா மேசையினரும் அதனைப் படிக்கலாம், எடுக்கலாம். எழுதவோ மாற்றவோ கூடாது. எழுதும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். இதில் தாராளம் காட்டுவது பேராபத்து. நாற்றங்காலில் குலை நோய் புகுந்தால் அது ஒரு வயலோடு நிற்காது. அங்கிருந்து நாற்று எடுத்த அத்தனை வயலுக்கும் போய்விடும். 2017-ஆம் ஆண்டு மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் அதே வாய்க்கால் வழியாகத்தான் அது பரவிற்று. அதற்குரிய தடுப்பு மருந்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. மருந்தடிக்காத கணிப்பொறிகளே மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூட ஒத்திவைக்கப்பட்டன. பொது நாற்றங்கால் வைத்துக்கொள்பவர் அதற்குக் காவலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இதனால் அறியலாம்.

பின்னர்ச் சோதனை வயல். முதலில் ஒரே ஒரு கணிப்பொறியில் நிறுவி ஒரு வாரம் எல்லா வேலைகளையும் அதில் செய்து பார்க்க வேண்டும். அலுவலகத்தில் மிகப் பழைய கணிப்பொறி எதுவோ அதையே இதற்குத் தேர்ந்தெடுப்பது நன்று. அதில் ஓடினால் மற்றவற்றில் ஓடும். பழைய கோப்புகள், பழைய அட்டவணைகள், அச்சுப்பொறி ஆகிய மூன்றும் அவ்வாரத்திலேயே தம் குறைகளைக் காட்டிவிடும். நாம் செய்யத் தவறியது இந்த வேலைதான்.

மேசைக்கு மேசை உட்கார்ந்து, எந்த மொழி, எந்த இடம், எவை எவை வேண்டும் என்று கணிப்பொறி கேட்கும் கேள்விகளுக்கு விடையளித்துக்கொண்டிருந்தால் இருபது மேசைகளில் இருபது விதமான விடைகள் அமைந்துவிடும். ஆகையால் விடைகளை முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி உண்டு. லிப்ரே ஆபீஸில், "நிறுவு, கேள்வி கேளாதே, முடிந்ததும் தானாக மறுதொடக்கம் செய்யாதே" என்னும் பொருள்பட ஒரே வரியில் கட்டளையிடலாம். மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் விடைத்தாள் போன்ற சிறு கோப்பு ஒன்றை எழுதிவைத்து, முதலில் சர்வருக்கு மட்டும் தொகுப்பை இறக்கிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மேசையும் அதே விடைத்தாளைப் படித்து நிறுவிக்கொள்ளுமாறு செய்யலாம். பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மென்பொருள் களஞ்சியத்தின் நகலைச் சர்வரில் வைத்துக்கொண்டால் போதும். தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, கோப்பைச் சேமிக்கும் பொது வடிவம் ஆகியவற்றையும் இக்கட்டளையோடு சேர்த்துவிட வேண்டும். எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் கட்டணமின்றி வழங்குகிறது. சேமிக்கும் வடிவத்தைப் பொறுத்தமட்டில் ஓ.டி.எஃப். என்னும் திறந்த வடிவம் 2006-ஆம் ஆண்டிலேயே உலகத் தர நிர்ணய அமைப்பால் ஏற்கப்பட்டது. திறந்த தரங்களையே மின் ஆளுகைக்குக் கைக்கொள்வதென்று இந்திய அரசு 2010-ஆம் ஆண்டு நவம்பரில் கொள்கை வகுத்தது.

சர்வரிலிருந்து நிறுவுவதில் நேரமும் மிச்சம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பு ஏறத்தாழ 350 மெகாபைட். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். ஆக, 2,800 மெகாபிட் கடந்து செல்ல வேண்டும். அலுவலகத்தின் இணைய இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட் தருமாயின் ஒரு கணிப்பொறிக்கு 280 நொடி, இருபது கணிப்பொறிகளுக்கு 5,600 நொடி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 3 ஜிகாபைட் அளவுள்ள பெருந்தொகுப்பாயின் இதே இணைப்பில் இருபது கணிப்பொறிகளுக்குப் பதின்மூன்று மணி நேரம் செல்லும். அந்நேரம் முழுவதும் ஊராட்சிக் கணக்கைப் பதிவு செய்பவரும் வரி இரசீது போடுபவரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க நேரும். மாறாக, தொகுப்பைச் சர்வருக்கு ஒரே ஒரு முறை இறக்கிக்கொண்டால், அலுவலகத்துக்குள் ஓடும் கேபிளின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும், லிப்ரே ஆபீஸ் ஒரு மேசைக்குச் சென்று சேர 28 நொடி. இருபது மேசைக்கும் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். நடைமுறையில் இதைவிடச் சற்றுக் கூடும். ஏனெனில் சென்று சேர்வது வேறு, நிறுவி முடிப்பது வேறு.

இருபது மேசைகளும் ஒரே சமயத்தில் இழுக்குமாயின் சர்வரின் வட்டு திணறும். அதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. தலைமடையில் எல்லா மதகையும் ஒரே சமயத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். அவ்வாறே ஐந்தைந்து மேசைகளாக முறை வைத்து நிறுவலாம். முதல் முறையில் கணக்குப் பிரிவையும் பொறியாளர் பிரிவையும் ஒருசேர நிறுத்தாமலிருப்பது புத்திசாலித்தனம். மின்சாரம் போனால் பாதியில் நின்ற நிறுவல் பயனற்றது, ஆகவே யு.பி.எஸ். பெட்டியின் பேட்டரி நல்ல நிலையில் உள்ளதா என்பதை முதல்நாளே பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒவ்வொரு மேசையிலும் மென்பொருளை வைப்பானேன்? சர்வரில் மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரும் அங்கிருந்தே ஓட்டினாலென்ன? அப்படியும் ஒரு முறை உண்டு. ஓப்பன் ஆபீஸின் தொடக்ககாலப் பதிப்புகளில், பெரும்பகுதியைச் சர்வரில் நிறுவி மேசையில் சிறு பகுதியை மட்டும் வைக்கும் வசதி இருந்தது. இடம் மிச்சமாகும் என்பதே அதன் நோக்கம். வட்டின் விலை குறைந்த இக்காலத்தில் அந்த மிச்சத்தால் பெரும் பயனில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில்தான் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து வேலை மிகுதி: சேதப் பட்டியல், நிவாரணப் பட்டியல், முகாம் பட்டியல். சர்வர் உள்ள அறையில் தண்ணீர் புகுந்தாலும், கேபிள் அறுந்தாலும், ஒரு மடிக்கணினியும் ஒரு ஜெனரேட்டரும் இருந்தால் அப்பட்டியலை எழுத முடிய வேண்டும். நாற்று வயலுக்குப் போய் வேர் பிடித்துவிட்டால் பிறகு நாற்றங்கால் இருந்தாலென்ன, உழுதாலென்ன? ஆதலின் மென்பொருள் ஒவ்வொரு மேசையிலும் முழுமையாக இருக்கட்டும். சர்வரிலிருந்து வந்து சேரட்டும். கோப்புகளின் நகல் மட்டும் மேசையிலும் சர்வரிலும், அலுவலகத்துக்கு வெளியே இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

கிராம ஊராட்சிகளின் நிலை சற்று வேறு. அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரு கணிப்பொறியும் ஊராட்சிச் செயலரும். மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு வட்டார அலுவலகங்களை இணைக்கிறது. அதற்கப்பால் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் இதற்கென அமைந்த டான்ஃபினெட் நிறுவனம் மேற்கொண்டது. கேபிள் நன்றாக வேலை செய்யும் ஊராட்சிக்கு ஒன்றியத்துச் சர்வரிலிருந்தே நிறுவலாம். வேலை செய்யாத ஊராட்சிக்கு நாற்று முடியைத் தலையில் சுமந்து செல்வதுபோல, சர்வரிலுள்ள அதே கோப்பையும் அதே விடைத்தாளையும் வெளிவட்டு ஒன்றில் எடுத்துச் சென்று நிறுவலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே நாற்றங்காலில் விளைந்த நாற்றுதானா என்பதே கேள்வி. வெளிவட்டு ஓர் ஊராட்சியிலிருந்து மற்றோர் ஊராட்சிக்குப் போகுமுன் அதனை ஒன்றிய அலுவலகத்தில் தீநிரல் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இதை நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று எமக்கே நினைவில்லை.

பழைய எழுத்துருவை என்ன செய்வது? அவசரப்பட்டு நீக்கக் கூடாது. புதிய கோப்புகள் யாவும் யூனிக்கோட்டில் எழுதப்படட்டும். பழைய எழுத்துரு பழைய கோப்புகளைப் படிப்பதற்காக மட்டும் எல்லா மேசையிலும் இருக்கட்டும். பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆனால் மாற்றிய கோப்பை ஒருவர் கண்ணால் படித்துப் பார்த்தாக வேண்டும். பெயர்ப் பட்டியல்களை மாற்றும்போது இருவர் உட்கார்ந்து, ஒருவர் பழைய பிரதியிலிருந்து உரக்கப் படிக்க மற்றவர் புதிய பிரதியைப் பார்த்துச் சொல்லும் பழைய கச்சேரி வழக்கமே சிறந்தது. மாதம் ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

ஒன்றியக் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கணிப்பொறிகள் எத்தனை, அவற்றில் பராமரிப்புக் காலம் முடிந்தவை எத்தனை? விலைக்கு வாங்கிய உரிமங்களின் இரசீது எங்கே? சர்வரின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது, அவர் மாறுதலாகிச் சென்றால் யாரிடம் இருக்கும்? நகல் எடுத்த கோப்பை எப்போதாவது திரும்பத் திறந்து பார்த்ததுண்டா? இந்த நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை வராது. எம்மிடம் கேட்கப்பட்டபோதும் வரவில்லை.

நிறுவி முடித்த நாளன்று எமது வழக்கம் இது. ஒரு வெள்ளைத் தாளளவு கோப்பில் ஊர்ப் பெயர்களை அடிக்கச் சொல்வோம்: திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, திருநீலக்குடி, கோவிந்தபுரம். கொம்பும் காலும் கொக்கியும் இவற்றில் வந்துவிடும். கீழே 'ல', 'ள', 'ழ', 'ர', 'ற', 'ஸ்ரீ' ஆகியவற்றை வரிசையாக அடித்து, அதற்கும் கீழே தொகுப்பின் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதுவோம். அக்கோப்பை ஒரு மேசையில் சேமித்து, மறு மேசையில் திறந்து, மூன்றாம் மேசையிலிருந்து அச்சிட்டு, இருபது மேசையின் தாள்களையும் சன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். எழுத்தின்மேல் எழுத்து பொருந்தாத தாள் எந்த மேசையிலிருந்து வந்ததோ அந்த மேசைக்கு மட்டும் மறுநாள் காலையில் மறுபடியும் நிறுவல் நடைபெறும்.